பெயர் சொல்லாத பாடு

முன்னால் போகிறவனின் தடம் ஒன்றுதான் இருக்க வேண்டும். மழை விட்டு ஒரு நாள்கூட முழுதாக ஆகாத மணலில், உதிர்ந்து கிடந்த சவுக்கு இலைகளை அழுத்திக்கொண்டு விமலின் சைக்கிள் போன கோடு மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போயிற்று. அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு கோடும் போயிற்று. இளவழகன் அதைப் பார்த்துக்கொண்டே மிதித்தான். போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வந்த தடமாக இருக்கும் என்று நினைத்தான். நடுவில் கொட்டிய மழைக்கு ஒரு வாரத்துத் தடம் தங்காது என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் அதற்கு மேல் யோசிக்க உடம்பில் தெம்பு இல்லை.

அப்படி ஒரு வாரம் அது. ஐந்து இரவும் துறைமுகத்துப் பக்கம், கன்டெய்னர்களை அடுக்கி வைக்கிற யார்டில் காவல் வேலை. சனிக்கிழமை விடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தோணியில் ஏறினான், ஏனென்றால் ஏரியில் அன்று அவன் பாடு. பழவேற்காட்டு ஏரிக்காரர்களுக்குப் பாடு என்றால் முறை. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு பாட்டை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று காத்துக் கிடக்க வேண்டும். மதியம் வரை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுவிட்டு, ராத்திரி மறுபடியும் யார்டு. இப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூங்குவானா, காட்டுக்குள் சைக்கிள் மிதிப்பானா? மிதித்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் விமலுக்காகத்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட இருக்கிறவன், இப்போது அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். தடித்த டயர் போட்ட இரண்டு பழைய கியர் சைக்கிள்களை எங்கிருந்தோ பிடித்துச் சரிசெய்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கும் சவுக்குக் காட்டில் ஒரு ஒற்றையடித் தடமும் கண்டுபிடித்துவிட்டான். சென்னையிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து அதில் ஓட்ட வைக்கப் போகிறானாம். அதற்கு வாராவாரம் ஒத்திகை, ஒத்திகைக்கு இளவழகன். முன்பெல்லாம் அவனை இளவு, இளவு என்றுதான் விமல் கூப்பிடுவான். "இழவு, இழவுனு கூப்புடாதண்ணா, கேக்கவே ஒரு மாதிரி கீது" என்று இளவழகனின் மனைவி கலைவாணி சண்டை பிடித்த பிறகு அழகா என்று மாற்றிக்கொண்டான்.

இன்றைக்கு வேறொரு காரணமும் இருந்தது. இளவழகனின் சைக்கிளில் முன் பாரின் மேல் விமல் ஒரு குட்டி சீட் மாட்டித் தந்திருந்தான். ஆறு மணிக்குக் கலைவாணி திவ்யாவைக் கூட்டிக்கொண்டு பாலத்தடிக்கு வந்துவிடுவாள். காட்டிலிருந்து திரும்பியதும் மகளை அந்தச் சீட்டில் உட்கார வைத்து லைட்ஹவுஸ் ரோட்டில் ஒரு சுற்று. மூன்று ஞாயிறாகச் சொல்லி மூன்று ஞாயிறும் காட்டிலிருந்து வந்ததும் "நைனாவுக்கு முடியலடி கண்ணு" என்று படுத்துவிட்டான். ஆறு வயசுக் குழந்தை, அழுதிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். இன்று காலையில் அது அழவில்லை. தலை வாரிக்கொண்டே, "நீ தூங்கிடுவ நைனா, எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னது. அவனுக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

அதனால்தான் வந்தான். ஆனால் மூன்றாவது கல்லிலேயே முடியாமல் போய்விட்டது.

காட்டுக்குள் வெள்ளையடித்த எல்லைக் கற்கள் ஐந்து உண்டு. முன்னால் போகிறவனுக்குத்தான் எல்லாக் கஷ்டமும். தளர்ந்த மணலை அவன்தான் உழ வேண்டும், சிலந்திக் கூடு அவன் முகத்தில்தான் ஒட்டும். பின்னால் வருகிறவன் அந்தத் தடத்திலேயே சுகமாக வரலாம். அதனால் ஒவ்வொரு கல்லிலும் ஆள் மாற்றிக்கொள்வார்கள். ஏரிப் பேச்சைக் கேட்டுக் கேட்டு விமலும் அதைப் பாடு என்றுதான் சொல்வான்.

"அழகா, இப்ப உன் பாடுடா" என்றான் விமல், தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி.

"முடியலடா விமலு." இளவழகன் ஹேண்டிலின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "என் பாட்ட யாராச்சும் எடுத்துக்குங்கபா."

ஏரியில் அந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டார்கள். காய்ச்சலில் படுத்தாலும் வீட்டில் சாவு விழுந்தாலும் பாட்டைப் பெயர் சொல்லித்தான் கொடுப்பார்கள். என் பாட்டை முத்துராஜ் எடுத்துக்கட்டும், என் பாட்டைத் தருமன் எடுத்துக்கட்டும், இப்படி. வாய் தவறி யாராச்சும் என்று வந்துவிட்டால், கேட்டவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உடனே 'நான் எடுத்தேன்' என்று சொல்லியாக வேண்டும். ஏன் என்று கேட்டால், இல்லாவிட்டால் யார் எடுத்தது என்று தெரியாது என்பார்கள். அதற்கு மேல் பேச மாட்டார்கள்.

விமல் ஏரிக்காரன் இல்லை. அவன் காதில் இயர்போன் வேறு. வாயைத் துடைத்துக்கொண்டு, சிரித்து, சைக்கிளில் ஏறி மிதித்துவிட்டான். இளவழகன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "டேய், நான் எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடா" என்று கத்தினான். விமல் அதற்குள் வளைவில் மறைந்துவிட்டான். இது ஏரியா என்ன, வெறும் சவுக்குக் காடு, வலையும் இல்லை சீட்டும் இல்லை என்று இளவழகன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அந்த இரண்டாவது கோடு கண்ணில் பட்டது.

சவுக்குக் காட்டில் காற்று நின்று அவன் பார்த்ததில்லை. தலைக்கு மேல் ஓயாமல் ஒரு இரைச்சல், கடல் பக்கத்திலிருந்து வருகிறதா மரத்திலிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியாதபடி, கேட்டுக் கேட்டு அது கேட்பதே நின்றுபோகும். அந்த இரைச்சலுக்கு அடியில் அவன் சைக்கிள் செயினின் டக் டக், ஈர மணலில் டயர் நெரிகிற சத்தம், அவன் மூச்சு. வேர்கள் தடத்தின் குறுக்கே ஓடின, ஒவ்வொன்றும் முதுகெலும்பு வரை இடித்தது. மேகம் மூடியிருந்ததால் ஐந்தரைக்கே மரங்களுக்கு இடையில் வெளிச்சம் பழுப்பாகிக்கொண்டிருந்தது. ஒரு வாசனையும் வந்தது. காட்டின் வாசனை இல்லை அது. நாலு நாள் நனைந்து மூலையில் கிடந்த வலையின் வாசனை. தன் சட்டையில்தான் இருக்கும் என்று மோந்து பார்த்தான். சட்டையில் சோப்பு மணம்தான் இருந்தது.

முன்னால் விமல் பேசுவது கேட்டது.

"இன்னாடா இன்னிக்கு இந்தப் போடு போடற? நைட்டு டூட்டி பாத்தவன் மாதிரியா கீது?"

போனில் பேசுகிறான் என்று முதலில் நினைத்தான். பிறகு பதில் வந்தது.

"தூங்குனேன்டா. நல்லா தூங்குனேன்."

அந்தக் குரல் அவனுக்குத் தெரிந்ததுதான், ஆனால் யாருடையது என்று உடனே பிடிபடவில்லை. கலைவாணிக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை எப்போதாவது தானே போட்டுக் கேட்டால் இப்படித்தான் இருக்கும், இவனா நான் என்று கூச்சமாக. அது அவன் குரல். களைப்பு இல்லாத அவன் குரல்.

பயம் வருவதற்கு முன்னால் இன்னொன்று வந்தது. அதை நினைத்து அவன் பிறகு வெட்கப்பட்டான். அப்பாடா என்று இருந்தது. யாரோ முன்னால் போகிறார்கள், யாரோ மிதிக்கிறார்கள், தான் மெதுவாக வந்தால் போதும். ஒரு மூச்சு நேரம் அவன் கண்ணைக்கூட மூடினான்.

நாலாவது கல்லில் சைக்கிள் தானாக நின்றது.

கல்லின் பக்கத்தில் விமலின் ஷூ தடம் இருந்தது. அதன் எதிரில் வெறுங்கால் தடம் இரண்டு, விரல்கள் அகலமாக விரிந்து, ஆழமாகப் பதிந்திருந்தன. மணல் உறிஞ்சிக்கொள்ளாமல் அவற்றில் தண்ணீர் தேங்கியிருந்தது. இளவழகன் குனிந்து பார்த்தான். இடது கால் தடத்தின் தண்ணீரில் ஒரு இறால் குஞ்சு துள்ளியது. ஏரி அங்கிருந்து ஒரு மைல் இருக்கும்.

நிமிர்ந்தபோது தன் சைக்கிளின் பார் கண்ணில் பட்டது. குட்டி சீட் அதில் இல்லை. திருகு மாட்டியிருந்த இடத்தில் பெயின்ட் உரிந்த இரண்டு வட்டங்கள் மட்டும் இருந்தன. கழன்று விழுந்தால் சத்தம் கேட்டிருக்கும். அவன் பின்னால் திரும்பித் தடத்தைப் பார்த்தான். எதுவும் கிடக்கவில்லை.

விமலுக்குப் போன் போடலாம் என்று பாக்கெட்டிலிருந்து எடுத்தான். விரல் வைத்தான், திறக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான், திறக்கவில்லை. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, நாளெல்லாம் தண்ணீரில் துழாவி நண்டு பிடிப்பவர்களின் விரல் மாதிரி. நேற்று மதியத்துக்கு அப்புறம் அவன் ஏரியில் இறங்கவே இல்லை. சரி, நம்பர் போட்டால் திறக்கும். நாலு நம்பர். திவ்யாவின் பிறந்த நாள்.

நம்பர் வரவில்லை.

தூக்கக் கலக்கம் என்றுதான் நினைத்தான். பொன்னேரியில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது ஞாபகம் இருந்தது. கலைவாணியின் அம்மா துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது, அந்தத் துண்டின் பச்சைக் கரை, எல்லாம் ஞாபகம் இருந்தது. மாதம் மட்டும் இல்லை. பொங்கலுக்கு முன்னாலா, பின்னாலா? மழையா, வெயிலா? நாலு நம்பர் போட்டான். தப்பு. வேறு நாலு. தப்பு. 

அப்போதுதான் புரிந்தது. என் பாடு என்றுதான் சொன்னான். எந்தப் பாடு என்று சொல்லவில்லை. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரை முன்னால் போகிற பாடு என்று அவன் சொல்லவில்லை. அவன் முறையில் என்னென்ன இருந்ததோ எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்திருந்தான். ஆறு மணிக்குப் பாலத்தடியில் ஒரு குழந்தை நிற்கும். அதைச் சைக்கிளில் ஏற்றிக்கொள்வது அவன் முறை. அதுவும்தான்.

"நான் எடுத்தேன்!" என்று கத்தினான். "என் பாட்ட நானே எடுத்துக்கறேன்! குடுத்துடு!"

காற்றின் இரைச்சல் குறைந்தது. அவ்வளவு நாளில் முதல் தடவையாக அந்தக் காடு அமைதியானதைக் கேட்டான். முன்னால், மரங்களுக்குள்ளிருந்து, அவன் குரல் பதில் சொன்னது. கோபம் இல்லை, கேலி இல்லை. அன்பாகவே இருந்தது.

"வேணாம்பா. நீ களைச்சுப் போயிருக்க. படுத்துக்க."

அவன் மிதித்தான். எங்கிருந்து தெம்பு வந்தது என்று தெரியாது. தொடை எரிந்தது. முந்திரிக் கிளை முகத்தில் அறைந்தது. மணல்மேட்டில் ஏறும்போது பின் சக்கரம் வழுக்கி வழுக்கிச் சுற்றியது. படுத்துக்க என்ற சொல் காதுக்குள்ளேயே இருந்தது, தடத்தின் ஓரத்தில் குவிந்து கிடந்த சவுக்கு இலைகள் மெத்தை போலத் தெரிந்தன, ஒரு நிமிஷம் படுத்தால் என்ன என்று உடம்பு கெஞ்சியது. திவ்யா, திவ்யா என்று சொல்லிக்கொண்டே மிதித்தான்.

மேட்டின் உச்சியிலிருந்து நேரான தடம். தூரத்தில் விமலின் சிவப்புச் சட்டை. அதற்கும் முன்னால் நீலச் சட்டை. அவன் போட்டிருக்கிற அதே நீலம். அந்த முதுகு நிமிர்ந்திருந்தது. அவன் முதுகு அப்படி நிமிர்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

"விமலு!"

விமல் திரும்பிப் பார்த்தான். இயர்போன்கூட இல்லை இப்போது. நேராக இவன் முகத்தைத்தான் பார்த்தான்.

"யாருடா அது பின்னாடி?" என்றான் விமல் முன்னால் இருந்தவனிடம்.

"தெர்ல. நண்டு புடிக்கறவங்களா இருக்கும்."

நீலச் சட்டை திரும்பவில்லை. இருவரும் மரங்களுக்குள் போனார்கள்.

இறக்கத்தில் அவன் செயின் கழன்றது. குனிந்து மாட்டப் பார்த்தான், விரல்கள் மரத்துப்போய் எதையும் பிடிக்கவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். மணலில் ஓட்டம் ஓட்டமே இல்லை. கால் புதைந்தது. எடுத்தான். புதைந்தது. கால் செருப்பு எங்கேயோ போயிருந்தது. ஓடிய இடமெல்லாம் தண்ணீர் சொட்டியது, அவன் உடம்பிலிருந்து, சட்டையிலிருந்து, முடியிலிருந்து.

காடு முடிந்தது. மழைமேகத்துக்கு அடியில் ஏரி வெள்ளித் தகடாகக் கிடந்தது. பாலம். பாலத்தடியில் டீக்கடை. கடை வாசலில் விமல், கையில் டீ கிளாஸோடு.

அவன் போய் விமலின் கையைப் பிடித்தான். விமல் திடுக்கிட்டுக் கையை உதறினான். டீ சிந்தியது.

"இன்னாண்ணா?" என்றான் விமல். "நண்டுலாம் வேணாண்ணா. நீ போ."

அண்ணா. இருபது வருஷமாக டா போட்டுப் பேசியவன்.

"விமலு, நான்டா. நான்..." பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான். வாய்க்குள் ஒன்றும் இல்லை. "என் பொண்ணு. என் பொண்ணு எங்கடா?"

"பாவம், யாரோ இன்னாவோ" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு விமல் தள்ளி நின்றுகொண்டான்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. குழந்தையின் சிரிப்பு.

ஏரி ஓரத்தில், இறுகிக் கிடந்த ஈர மணலில், சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. ரோட்டில் இல்லை. ஏரி ஓரத்தில். முன் பாரில் குட்டி சீட். சீட்டில் ரெட்டைப் பின்னல், மஞ்சள் கவுன். நீலச் சட்டை குனிந்து அதன் காதில் ஏதோ சொன்னது, குழந்தை இன்னும் சத்தமாகச் சிரித்தது. அவன் மகள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதே இல்லை. ஹேண்டிலைப் பிடித்திருந்த சின்னக் கைகளின் மேல் இரண்டு பெரிய கைகள் மூடியிருந்தன. வெளுத்த கைகள். தோல் சுருங்கிச் சுருங்கி, நகங்களைச் சுற்றிக் கழன்றுகொண்டிருந்தது.

சைக்கிள் தண்ணீருக்குள் இறங்கியது.

அங்கே முழங்கால் அளவுதான், முப்பது அடிக்கு. அதற்கப்புறம் கடலுக்கு ஓடுகிற தண்ணீர் அறுத்து வைத்த பள்ளம். அவன் ஊரான தோணிரேவில் பிறந்த யாருக்கும் தெரியும். அனுப்பம்பட்டிலிருந்து வாழ வந்த அவன் மனைவிக்குத் தெரியாது. அவள் பாலத்தின் மேல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மூன்று ஞாயிறு கழித்து இன்றைக்குத்தான் சொன்னபடி செய்திருக்கிறார், அதுவும் இவ்வளவு சந்தோஷமாக. அவள் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் கரையிலிருந்து கத்தினான். குழந்தையைக் கூப்பிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். குதித்துவிடு என்றால் குதிக்கும். முழங்கால் தண்ணீர்தான். பெயர். அதன் பெயர். இப்போதுதானே சொல்லிக்கொண்டே ஓடி வந்தான். மூன்று எழுத்து. முதல் எழுத்து.

"பாப்பா!" என்றான். "ஏ பாப்பா!"

ஏரிக்கரையில் பாப்பாவுக்கா பஞ்சம். அங்கே விளையாடிக்கொண்டிருந்த நாலைந்து குழந்தைகள் அவனைத் திரும்பிப் பார்த்தன. சைக்கிளில் இருந்தது மட்டும் திரும்பவில்லை.

தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு வந்தது. பெடலை மூடியது. மஞ்சள் கவுனின் ஓரம் நனைந்து மிதந்தது. மிதிக்கிற கால்கள் நிற்கவே இல்லை, களைக்கவே இல்லை. அவன் தண்ணீரில் இறங்கினான். ஏரியில் பிறந்தவன்தான், ஆனாலும் இறங்கிய இடத்திலேயே கால்கள் சேற்றில் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டன. குழந்தை ஒரு கையை எடுத்து மேலே பாலத்தைப் பார்த்து ஆட்டியது.

பாலத்தின் மேல் நின்ற பெண்ணும் போனை இறக்காமலே, இன்னொரு கையைத் தூக்கி டாட்டா காட்டினாள்.